தோட்டத்துக்குச் சோலார் கேமரா: எங்கே கோட்டை விடுகிறோம்?

தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் கேமரா என்றதும் எத்தனை மெகாபிக்சல் என்றுதான் பேச்சு தொடங்கும். மூன்றாம் மாதம் படம் நின்றுபோனால் பெரும்பாலும் குற்றவாளி கேமரா இல்லை, பேட்டரியோ கேபிளோதான்.

கணக்குப் போடாமல் பேட்டரி வாங்குவதுதான் பெரிய தவறு. இரண்டு கேமரா, தலா 6 வாட். ரெக்கார்டரும் பிஓஇ சுவிட்சும் (ஒரே கேபிளில் கேமராவுக்குக் கரண்டும் டேட்டாவும் அனுப்பும் பெட்டி) சேர்ந்து 12 வாட். 4ஜி ரவுட்டர் 6 வாட். மொத்தம் 30 வாட்தானே என்று தோன்றும். ஆனால் இது 24 மணி நேரமும் ஓடுகிற சுமை. நாளொன்றுக்கு 720 வாட்-மணி, அதாவது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. 12 வோல்ட் 100 ஏஹெச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியில், அதாவது வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற ஈய-அமில வகையில், இருப்பது 1,200 வாட்-மணி. ஆயுள் கெடாமல் எடுக்க முடிந்தது அதில் பாதி, 600. ஒரே ஒரு நாள் முழு மூட்டம் போட்டாலே அது பத்தாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு நாள் தாங்க வேண்டுமென்றால் 240 ஏஹெச் வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை 80 சதவீதம் வரை இறக்கலாம் என்பதால் 150 ஏஹெச் போதும்.

பேனலுக்கும் இதே கணக்குதான். நாளுக்கு 4.5 மணி நேர முழு வெயில் என்று வைத்து, சூடு, வயர், பேட்டரி இழப்புக்கு 30 சதவீதம் கழித்தால் 230 வாட் வரும். அது அன்றாடச் செலவுக்கு மட்டும். மழைக்குப் பின் காலியான பேட்டரியும் நிரம்ப வேண்டுமே. 330 வாட் போடுங்கள். தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வு. தென்னை ஓலை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம்.

அடுத்து, பலரும் கவனிக்காத ஒன்று. 72 செல் கொண்ட 330 வாட் பேனல் ஏறக்குறைய 37 வோல்ட்டில் வேலை செய்வது. அதை 12 வோல்ட் பேட்டரிக்கு மலிவான பிடபிள்யூஎம் சார்ஜ் கன்ட்ரோலர் வழியாகக் கொடுத்தால், பேனல் வோல்ட்டேஜைப் பேட்டரியின் அளவுக்கே இழுத்துவிடும். 9 ஆம்பியர், 13 வோல்ட்: கிடைப்பது 117 வாட். மீதி இருநூற்றுச் சொச்சம் வாட்டுக்குக் கொடுத்த காசு வீண். பேனலின் கூடுதல் வோல்ட்டேஜை வீணாக்காமல் சார்ஜ் கரண்டாக மாற்றித் தரும் எம்பிபிடி வகைக் கன்ட்ரோலர், 30 ஆம்பியரில் வாங்குங்கள். ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம். அசலுக்குள் கனமான காயில் இருக்கும், கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருப்பது சந்தேகத்துக்குரியது.

பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டாக ஏற்றி, அடாப்டரில் மறுபடி 12-க்கு இறக்குகிறவர்களும் உண்டு. சும்மா இருக்கும்போதே அந்த இன்வெர்ட்டர் 10, 20 வாட் குடிக்கும். பேட்டரி கரண்டை நேரடியாக வேண்டிய வோல்ட்டுக்கு மாற்றும் டிசி-டிசி கன்வெர்ட்டரே போதும்.

பகலில் ஒழுங்காக ஓடி, இருட்டியதும் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும் கேமராவைப் பார்த்தால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது இழுக்கும் கரண்ட் கூடும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியில் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். முழுச் செம்பாக இருந்தாலும் 100 மீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்), இல்லையென்றால் இரண்டு முனையிலும் ஆன்டெனா வைத்துக் கம்பியில்லாமல் இணைக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜ். பிரிட்ஜுக்கு நடுவில் மரம் இருக்கக் கூடாது. நனைந்த இலை சிக்னலை விழுங்கும். இடி மின்னல் அதிகமுள்ள ஊரில் உலோகக் கம்பி சேராத ஃபைபர் உத்தமம். வயல்வெளியில் நீளமாக ஓடும் செம்புக் கேபிள், மின்னல் வெட்டும்போது இரண்டு முனையிலும் போர்ட்டைக் கருக்கும்.

2 எம்பிபிஎஸ் படத்தைப் போனில் ஒரு மணி நேரம் பார்த்தால் 0.9 ஜிபி போகும். நாளுக்கு 1.5 ஜிபி சிம் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால் பதிவு தோட்டத்திலேயே இருக்கட்டும், போனுக்கு எச்சரிக்கைப் படம் மட்டும் வரட்டும். இரண்டு கேமராவுக்கு நாளொன்றுக்கு 43 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் 23 நாள் நிற்கும்.

பாஸ்வேர்டு விஷயம் சின்னதுதான், ஆனால் 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது, கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். வெளி இணையத்திலிருந்து கேமராவுக்கு நேரே வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கும் வேண்டாம்.

வீட்டுக் கூரையில் ஆன்-கிரிட் சோலார் (பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்தது) இருக்கிறது, கரண்ட் போனாலும் கேமரா ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது உங்கள் கூரையிலிருந்து லைனுக்குக் கரண்ட் போகக் கூடாது என்பதால், சப்ளை நின்றதும் அந்த இன்வெர்ட்டரும் நின்றுவிடும். ரவுட்டருக்கும் ரெக்கார்டருக்கும் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ் வையுங்கள்.