ஸ்வீடன் மெட்டல் கேட்கத் தொடங்குவது எப்படி? அதிகம் பேசப்படாத ஆல்பங்கள் வழியாக ஒரு செய்முறை விளக்கம்

கனத்த கிதார் ஒலி கொண்ட ராக் வகைதான் மெட்டல். ஸ்வீடன் மெட்டல் என்று யாரிடம் கேட்டாலும் வருவது அதே ஏழெட்டுப் பெயர்கள்தான். யூரோப், யிங்வி மால்ம்ஸ்டீன், ஓப்பெத், இன் ஃப்ளேம்ஸ், மெஷுகா, சபட்டான், கோஸ்ட். எல்லாரும் அந்த இடத்துக்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் ஒரு கோடியைச் சற்றுத் தாண்டிய மக்கள்தொகை உள்ள அந்த நாட்டில், இவர்களுக்குப் பின்னால் நிற்கும் ஆல்பங்களின் வரிசை அவ்வளவு நீளமானது, அவற்றில் பல முன்வரிசைக்கு எந்த விதத்திலும் குறைந்தவை இல்லை. அந்த வரிசைக்குள் புதிதாக நுழைபவர் எங்கே தொடங்கி எப்படி நகரலாம் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

ஒரு சின்ன நாட்டில் இவ்வளவு பேண்டுகள் எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் குளிரையும் இருட்டையும் காரணம் சொல்வார்கள். எனக்கு அதைவிட உறுதியான காரணமாகப் படுவது வேறு. பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் வாத்தியம் கற்க நகராட்சிகளே நடத்தும் இசைப்பள்ளிகள் அங்கே உண்டு. பேண்ட் தொடங்கும் இளைஞர்களுக்கு ஒத்திகை அறையும் கொஞ்சம் பண உதவியும் கிடைக்க வழிசெய்யும் கல்விச் சங்கங்கள் உண்டு. அதனால் ஒரே ஊரில், ஒரே அறையில், ஒரே ஆட்கள் மாறி மாறி நாலு பேண்டில் வாசிப்பது சாதாரணம். நான் இங்கே சொல்லப்போகும் முறைக்கு அடிப்படையே அதுதான்: டெத், டூம், பிளாக் என்ற வகைப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், ஆளையும் ஸ்டுடியோவையும் ஊரையும் பிடித்துக்கொண்டு போங்கள்.

தொடங்கும் முன்

நல்ல இயர்போன் ஒன்று போதும். ஆல்பத்தைக் கலைத்துப் போடாமல் முதல் டிராக்கிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். தேடும்போது ஸ்வீடிஷ் எழுத்துகளின் மேல் வரும் புள்ளியும் வட்டமும் இல்லாமல் வெறும் ஆங்கில எழுத்தாகத் தட்டினாலும் பெரும்பாலும் கிடைத்துவிடும். அப்புறம் முக்கியமான ஒன்று: பிடித்த ஆல்பம் எதுவானாலும் அதைப் பதிவு செய்தது யார், எந்த ஸ்டுடியோ என்று பார்த்துக் குறித்து வையுங்கள். அடுத்த ஆல்பம் அங்கிருந்துதான் வரும்.

படி 1: கத்தல் இல்லாத இடத்தில் நுழையுங்கள்

மெட்டல் பழக்கமே இல்லாதவர் முதல் நாளே உறுமல் குரலைக் கேட்டால் ஓடிவிடுவார். அதனால் ராக்கில் தொடங்குவோம். கோதன்பர்க் நகரின் கிரேவ்யார்ட் 2011-இல் வெளியிட்ட 'ஹிசிங்கன் ப்ளூஸ்'. ஹிசிங்கன் என்பது அந்த நகரின் ஒரு பகுதி அமைந்திருக்கும் தீவின் பெயர். எழுபதுகளின் ப்ளூஸ் ராக்கை உள்வாங்கிய இசை, ஆனால் பழையதை நகலெடுத்த உணர்வு வராது. நாலாவது டிராக் 'அன்கம்ஃபர்ட்டப்ளி நம்' மெதுவாக, ஏறக்குறைய முனகலாகத் தொடங்கிப் போகப் போக யொவாகிம் நில்சனின் குரல் உடையும் அளவுக்கு ஏறுகிறது. இந்த ஒரு பாட்டு பிடித்துவிட்டால் மீதிப் பாதை சுலபம்.

இப்போது ஆளைப் பின்தொடருங்கள். நில்சன் அதற்கு முன்பு நோர்ஷ்கென் என்ற பேண்டில் இருந்தவர். அதே பேண்டில் இருந்த மாக்னஸ் பெலாண்டர்தான் ஓரெப்ரூ ஊரில் விட்ச்கிராஃப்ட் பேண்டைத் தொடங்கினார். 2004-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்துக்கும் பேண்டின் பெயர்தான். அதைக் கேட்டால் 1971-இல் பதிவு செய்தது என்று யாராவது சொன்னாலும் நம்பிவிடுவீர்கள், அவ்வளவு உலர்ந்த, நெருக்கமான ஒலி. கிரேவ்யார்டுக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூட இந்த ஆல்பத்துக்குக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

இன்னும் பின்னால் போக விரும்பினால் நவம்பர் பேண்டின் 'என் நீ தீட் ஏர் ஹேர்', 1970. முழுக்க ஸ்வீடிஷ் மொழியிலேயே பாடிய கனமான ராக். வரிகள் புரியாவிட்டாலும் பேஸ் கிதாரும் டிரம்மும் சேர்ந்து உருளும் விதம் புரியும்.

படி 2: ஒரு ஸ்டுடியோவுக்குள் போங்கள்

ஹெவி லோட். ஸ்வீடனின் முதல் அசல் ஹெவி மெட்டல் பேண்ட் என்று பலரும் சொல்வது இவர்களைத்தான். ராக்னே, ஸ்டீர்பியோர்ன் வால்க்விஸ்ட் என்ற அண்ணன் தம்பி தொடங்கியது. 1983-இல் வந்த 'ஸ்ட்ராங்கர் தேன் ஈவில்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'ஃப்ரீ' பாட்டில் பேஸ் வாசித்திருப்பவர் அயர்லாந்தின் ராக் பேண்டான தின் லிஸியின் ஃபில் லைனாட். வைக்கிங் வீரம் பேசும் மெட்டல் இன்று ஒரு பெரிய கூட்டத்தையே வைத்திருக்கிறது, ஆனால் அந்தக் கூட்டத்தில் பலருக்கு ஹெவி லோட் என்ற பெயரே தெரியாது.

இந்தச் சகோதரர்களுக்கு ஸ்டாக்ஹோமில் தண்டர்லோட் என்று சொந்த ஸ்டுடியோ இருந்தது. கேண்டில்மாஸின் முதல் ஆல்பம் 'எபிகஸ் டூமிக்கஸ் மெட்டாலிக்கஸ்' 1986-இல் பதிவானது அங்கேதான். டூம் என்றால் வேகத்தைக் குறைத்துக் கனத்தைக் கூட்டுவது. முதல் பாட்டு 'சாலிட்யூட்' அமைதியான கிதாரோடு தொடங்கி, முழு பேண்டும் இறங்கும்போது தரை சற்று அமிழ்வது போலிருக்கும். டூம் ரசிகர்கள் கொண்டாடும் ஆல்பம்தான் இது, அந்த வட்டத்துக்கு வெளியே இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. அதில் பாடிய யொஹான் லெங்க்விஸ்ட் விருந்தினராக வந்து பாடிவிட்டுப் போனவர். 2018-இல் மறுபடி அந்த பேண்டுக்கே வந்து சேர்ந்தார்.

படி 3: அந்த பெடலின் ஒலியைக் காதில் பதியுங்கள்

இங்கிருந்து உறுமல் குரல் தொடங்குகிறது. முதல் சில நாட்களுக்குக் குரலை இன்னொரு தாள வாத்தியமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கவனத்தைக் கிதாரில் வையுங்கள்.

ஸ்டாக்ஹோம் டெத் மெட்டலின் கிதார் ஒலிக்குப் பின்னால் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறது: பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 டிஸ்டார்ஷன் பெடல், அதாவது காலால் மிதித்து இயக்கிக் கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி. 1983-இல் சந்தைக்கு வந்து 1991-இல் உற்பத்தி நின்றது. அதில் நாலு குமிழ்கள் உண்டு: ஒலி அளவு, தாழ் ஒலி, உயர் ஒலி, டிஸ்டார்ஷன். இந்தப் பையன்கள் செய்தது நாலையும் கடைசி வரை திருகிவிட்டதுதான். செயின்சாவால் மரம் அறுப்பது போல் ஒரு கரகரப்பு, அதன் அடியில் தடித்த தாழ் ஒலி. தோமாஸ் ஸ்கூக்ஸ்பெரியின் சன்லைட் ஸ்டுடியோவில் இந்த ஒலி உருவாகி உலகமெங்கும் பரவியது. பிற்பாடு ரசிகர்கள் பழைய பெடல்களைத் தேடித் தேடி வாங்கி, கடைசியில் 2020-இல் அந்த நிறுவனமே அதைப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டது.

இந்த ஒலிக்கு எல்லாரும் காட்டும் ஆல்பம் என்டூம்ப்டின் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்', 1990. அதைக் கட்டாயம் கேளுங்கள். ஆனால் அதே ஆண்டு அதே ஸ்டுடியோவில் கார்னேஜ் செய்த 'டார்க் ரெக்கலெக்ஷன்ஸ்' ஏன் பின்னுக்குப் போனது என்றால், அந்த பேண்ட் செய்தது அந்த ஒரே ஆல்பம்தான். கிதாரிஸ்ட் மைக்கேல் அமோட் இங்கிலாந்தின் கார்க்கஸுக்குப் போனார், மற்றவர்கள் டிஸ்மெம்பர் என்ற பேண்டை மறுபடி எழுப்பினார்கள். பின்னாளில் ஆர்ச் எனிமியைத் தொடங்கியவரும் இதே அமோட்தான். இரண்டு மூன்று பெரிய பேண்டுகளின் வேர் இந்த ஒரு ஆல்பத்தில் கிடக்கிறது.

இதே நகரத்திலிருந்து ஒரு தலைமுறை கழித்து வந்தது மோர்பஸ் க்ரோனின் 'ஸ்வெவன்', 2014. என்னைக் கேட்டால் இந்தப் பதிவில் ஒரே ஒரு ஆல்பத்தைத்தான் காப்பாற்றலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். பழைய டெத் மெட்டலின் அழுக்கான ஒலியை வைத்துக்கொண்டு, கனவுக்குள் நடப்பது போன்ற மெலடிகளை நெய்திருக்கிறார்கள். ரிஃப்புகள், அதாவது திரும்பத் திரும்ப வாசிக்கப்படும் சிறு கிதார் வரிகள், எங்கே திரும்பும் என்று ஊகிக்கவே முடியாது, ஆனால் திரும்பிய பிறகு வேறு வழியே இல்லை என்று தோன்றும். அடுத்த ஆண்டே பேண்ட் கலைந்துவிட்டது.

படி 4: ஒருவரைப் பிடித்துக்கொண்டு மூன்று ஆல்பம்

டான் ஸ்வானோ. பாடகர், கிதாரிஸ்ட், டிரம்மர், ஒலிப்பதிவாளர், எல்லாமும். அவருடைய யூனிசவுண்ட் ஸ்டுடியோவிலிருந்து 1996 என்ற ஒரே ஆண்டில் வெளிவந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒரு மாதம் ஓடும்.

முதலில் அவருடைய சொந்த பேண்டான எட்ஜ் ஆஃப் சானிட்டியின் 'கிரிம்சன்'. மொத்த ஆல்பமும் ஒரே பாட்டு, 40 நிமிடம். மனித இனம் பிள்ளை பெறும் சக்தியை இழந்துவிட்ட ஓர் எதிர்காலம், அதில் அரசனுக்கு ஒரு மகள் பிறக்கிறாள், அங்கிருந்து கதை. 40 நிமிடப் பாட்டு என்றதும் பயப்பட வேண்டாம், கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. முதல் தடவை கதை, வரிகள் எதையும் கவனிக்காமல் திரும்பத் திரும்ப வரும் மெலடிகளை மட்டும் பிடியுங்கள். ஒரு ரிஃப் ஆரம்பத்தில் கோபமாக வந்து, வெகுநேரம் கழித்து மெதுவாக, சோகமாக மறுபடி வரும். அதை நீங்களே கண்டுபிடிக்கும்போது இந்த ஆல்பம் உங்களுடையதாகிவிடும். வரிகளை இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடையில் விருந்தினராகப் பாடுபவர் ஓப்பெத்தின் மிக்கேல் ஓகர்ஃபெல்ட்.

அதே ஓகர்ஃபெல்ட் கத்தியிருக்கும் இரண்டாவது ஆல்பம் கேட்டட்டோனியாவின் 'பிரேவ் மர்டர் டே'. பாடகர் யோனாஸ் ரெங்க்ஸெவால் அந்தச் சமயம் உறுமல் குரலில் பாட முடியாமல் போனதால் நண்பர் வந்து கைகொடுத்தார். ரெங்க்ஸெ டிரம்ஸ் வாசித்தார், 'டே' என்ற பாட்டை மட்டும் தன் இயல்பான குரலில் மெல்லப் பாடினார். நீண்டு போகும் பாட்டுகளுக்கு நடுவே அந்த ஒரு பாட்டு தனியாக நிற்கிறது. கேட்டட்டோனியா பிற்காலத்தில் போன பாதை முழுவதும் அதில் ஏற்கெனவே இருக்கிறது, 1998-இல் வந்த 'டிஸ்கரேஜ்ட் ஒன்ஸ்' கேட்டால் தெரியும்.

மூன்றாவது, சாக்ரமென்டமின் 'ஃபார் அவே ஃப்ரம் தி சன்'. டிசெக்ஷன் பேண்டின் நிழலிலேயே மறைந்துபோன ஆல்பம். இரண்டுக்கும் நீல இருட்டில் அட்டைப்படம் வரைந்தவர் ஒருவரேதான், கிறிஸ்டியன் வோலின். ஆக, ஓவியரையும்கூடப் பின்தொடரலாம்.

படி 5: கையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள்

உமேயோ நகரின் மெஷுகாவை எல்லாரும் அறிவார்கள், 'கேட்ச் தர்ட்டித்ரீ' ஆல்பத்தை மட்டும் ஏனோ தாண்டிப் போய்விடுகிறார்கள். 2005-இல் வந்தது, 47 நிமிடம், 13 டிராக்காகப் பிரிந்திருந்தாலும் ஒரே படைப்பு. டிரம்ஸ் கணினியில் அமைத்தது என்பதால் சிலர் ஒதுக்கினார்கள். சரி, பயிற்சி இதுதான்: மேலே கேட்கும் சிம்பலுக்கு நாலு நாலாகக் கை தட்டுங்கள், நிறுத்தாதீர்கள். கிதாரும் கால் டிரம்மும் வேறு கணக்கில் தாண்டித் தாண்டிப் போகும். கை தவறாமல் முதல் மூன்று டிராக்கைக் கடந்துவிட்டால், ஒரே ரிஃப்தான் மூன்றையும் இணைக்கிறது என்பது தானாகப் பிடிபடும். மிருதங்கமோ கஞ்சிராவோ கற்றவர்களுக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் வசப்படும்.

கஞ்சிரா என்றதும் சொல்லியே ஆக வேண்டிய ஆல்பம், பேஸ் கிதாரிஸ்ட் யோனாஸ் ஹெல்போரியின் 'ஆர்ட் மெட்டல்', 2007. கிதாரில் ஃப்ரீக் கிச்சன் பேண்டின் மத்தியாஸ் ஏக்லுண்ட், டிரம்ஸிலும் கீபோர்டிலும் ஆண்டர்ஸ், யென்ஸ் யொஹான்சன் சகோதரர்கள், கஞ்சிராவில் நம் வி. செல்வகணேஷ், கடம் விக்கு விநாயக்ராமின் மகன். ஏக்லுண்ட் தன் கிதார் பாடங்களிலேயே கொன்னக்கோல் கணக்குகளைப் பயன்படுத்துபவர், அதனால் கஞ்சிராவுக்கு மரியாதைக்காக ஓர் ஓரத்தில் இடம் கொடுத்த ஆல்பமாக இது இல்லை, பாட்டின் எலும்பே லயம்தான். தமிழ்நாட்டில் மெட்டல் கேட்பவர்களிடம் இது ஏன் இன்னும் பரவவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். யொஹான்சன் சகோதரர்கள் முன்பு மால்ம்ஸ்டீனோடு வாசித்தவர்கள், அவர்களின் அப்பா ஜாஸ் பியானோ மேதை யான் யொஹான்சன். ஸ்வீடனின் நாட்டுப்புறப் பாடல்களைப் பியானோவிலும் பேஸிலும் மட்டும் அவர் வாசித்த 1964-ஆம் ஆண்டு ஆல்பத்தையும் ஒருநாள் தேடிக் கேளுங்கள். மெட்டல் இல்லைதான், ஆனாலும் கேளுங்கள்.

படி 6: ஊரைப் பிடியுங்கள்

படி 1-இல் வந்த ஓரெப்ரூ நினைவிருக்கும். பழைய ராக்கின் விட்ச்கிராஃப்ட், பங்க் ராக்கின் மில்லென்காலின், கிரைண்ட்கோர் என்ற அதிவேக வகையின் 'நாஸும்' (Nasum) ஆகிய மூன்றுமே அந்த ஊர்தான். நாஸும் புதியவர்களுக்கு இல்லை, ஒரு நிமிடம்கூட நீடிக்காத வெறிகொண்ட பாட்டுகள் நிறைய. 2004-இல் 'ஷிஃப்ட்' ஆல்பம் வந்தது. பாடகரும் கிதாரிஸ்டும் ஒலிப்பதிவாளருமான மியெஷ்கோ தலார்சிக் அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று தாய்லாந்தில் சுனாமியில் இறந்தார். நாகப்பட்டினத்தையும் மட்டக்களப்பையும் வாரிய அதே அலை. அதன்பின் அந்த பேண்ட் புதிய ஆல்பம் எதுவும் செய்யவில்லை. மற்றதெல்லாம் பழகிய பிறகு ஒருநாள் 'ஷிஃப்ட்' ஆல்பத்தை முழுதாக உட்கார்ந்து கேளுங்கள்.

ஊரையே பெயராக வைத்துக்கொண்ட பேண்டும் உண்டு: ஹோர்ன்டால். 1979-இல் இரும்பாலை மூடப்பட்டுத் தளர்ந்துபோன ஒரு சிற்றூர். 2021-இல் வந்த 'லேக் டிரிங்கர்', அந்த ஊர்ப் பக்கம் தரவு மையம் கட்ட கூகுள் நிலம் வாங்கியதைப் பற்றிய கோபம். தொழிற்சாலை வாழ்க்கை தெரிந்த யாருக்கும் இந்த ஆல்பம் அந்நியமாக இருக்காது.

படி 7: இன்னொருவருக்குக் கொடுப்பது

பட்டியலாக அனுப்பாதீர்கள். இருபது லிங்க் வந்தால் யாரும் ஒன்றைக்கூடத் திறக்க மாட்டார்கள். ஒரு ஆள், ஒரு ஆல்பம், அதில் எந்தப் பாட்டு என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். எண்பதுகளின் ஹார்ட் ராக் கேட்டு வளர்ந்தவருக்கு ஹெவி லோட். கர்நாடக சங்கீதப் பழக்கம் உள்ளவருக்கு 'ஆர்ட் மெட்டல்'. பெரிய கதைகளை விரும்புபவருக்கு 'கிரிம்சன்', 40 நிமிடம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பயணத்தில் கேட்கட்டும். சோகப் பாட்டே உலகம் என்று இருப்பவருக்குக் கேட்டட்டோனியாவின் 'டே' மட்டும், ஆல்பம் வேண்டாம். இரண்டு நாள் கழித்து அவரே அதைப் பற்றிப் பேச்செடுத்தால் 'டிஸ்கரேஜ்ட் ஒன்ஸ்' அனுப்புங்கள். எடுக்காவிட்டால் விட்டுவிட்டு, கொஞ்ச நாள் கழித்து 'ஹிசிங்கன் ப்ளூஸ்' கொடுத்துப் பாருங்கள்.