கடல்மீனின் குடல் ஒட்டுண்ணிக்கு மருந்துத் தீனி: அளவும் பக்குவமும்

தொட்டியில் வளர்க்கும் கடல்மீன் நன்றாகத் தின்றும் இளைக்கிறது, வயிறு ஒட்டிப்போகிறது, கழிவு வெள்ளை நூலாகத் தொங்குகிறது. மூன்றும் சேர்ந்திருந்தால் குடலில் ஒட்டுண்ணி இருக்கப் பெரும்பாலும் வாய்ப்புண்டு. வெள்ளைக் கழிவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பட்டினி கிடந்த மீனும் அப்படித்தான் கழிக்கும்.

வெள்ளைப்புள்ளி நோயும் வெல்வெட் நோயும் தோலையும் செவுளையும் பிடிப்பவை. மருந்து கலந்த இந்தத் தீனியால் அவை போகாது. அவற்றுக்குத் தண்ணீரிலேயே செம்பு மருந்து போடுவது போன்ற வேறு வழிதான்.

எதற்கு எந்த மருந்து

கசை இழை (சாட்டை போன்ற நூல்) கொண்ட ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளுக்கு மெட்ரோனிடசோல்: 1 கிராம் தீனிக்கு 10 மி.கி., தொடர்ந்து 5 நாள். உருண்டைப்புழுவுக்கு ஃபென்பென்டசோல்: 1 கிராமுக்கு 2.5 மி.கி., 3 நாள். அதன் முட்டைகள் மருந்துக்குத் தப்பிவிடும் என்பதால் 2 முதல் 3 வாரம் கழித்து இன்னொரு சுற்று கட்டாயம். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டல்: 1 கிராமுக்கு 5 மி.கி., 3 நாள்.

எது என்று தெரியாவிட்டால் மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடத் தோன்றும். வேண்டாம், கசப்பில் மீன் துப்பிவிடும். புதுக் கழிவில் ஒரு துளியை நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். துறுதுறுவென்று ஓடும் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் மெட்ரோனிடசோல்.

எடை போடும் இடம்தான் வம்பு

400 மி.கி. என்று அட்டையில் போட்டிருக்கும் மாத்திரையைத் தராசில் வைத்தால் அதற்கு மேல் காட்டும். மீதி எல்லாம் மாவும் பசையும். ஆகவே 200 மி.கி. மருந்து வேண்டுமென்றால் 0.2 கிராம் தூளை நிறுத்துப் போடக்கூடாது. போட்டால் மருந்து குறைந்துவிடும். முழு மாத்திரையையும் நுணுக்கி, தூளின் மொத்த எடையைப் பார்த்து, அதில் சரிபாதியை எடுங்கள். மாத்திரை 0.6 கிராம் இருந்தால் உங்களுக்கு வேண்டியது 0.3 கிராம். தராசு 0.01 கிராமாவது காட்ட வேண்டும். சமையலறைத் தராசு இதற்கு ஆகாது.

இன்னொரு மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரை வேண்டாம், சிரப்பும் வேண்டாம். மெட்ரோனிடசோல் பென்சோயேட் தூள் கிடைத்தால் என் ஓட்டு அதற்கே, கசப்பு மிகக் குறைவு. ஆனால் 200 மி.கி. மெட்ரோனிடசோலுக்கு 320 மி.கி. பென்சோயேட் வேண்டும்.

அடுத்த வம்பு: 1 கிராமுக்கு 10 மி.கி. என்பது மீன் வாய்க்குள் போகும் தீனியின் கணக்கு. 20 கிராம் மைசிஸுக்கு (இறால் போன்ற சின்ன உயிரி, உறைந்த தீனியாகக் கிடைக்கும்) 200 மி.கி. கலந்து, அதன்மேல் 10 கிராம் ஜெலட்டின் கரைசல் ஊற்றினால் மொத்தம் 30 கிராம். மருந்து 1 கிராமுக்கு 7 மி.கி.கூட இல்லை. பசையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

செய்முறை: 20 கிராம், மெட்ரோனிடசோல் 200 மி.கி.

1. உறைந்த மைசிஸை ஐஸ் விடவைத்து, வடிகட்டி, காகிதத்தில் ஒற்றி எடுத்து 12 கிராம் நிறுங்கள். பொடியாக நறுக்குங்கள். அறை வெப்பத்துக்கு வரட்டும்.
2. 7 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் சுவையூட்டாத ஜெலட்டின் 1 கிராம் தூவி 5 நிமிடம் ஊறவிடுங்கள். கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்துத் தெளிவாகக் கரையுங்கள். கொதிக்கவைக்க வேண்டாம்.
3. வெதுவெதுப்பானதும் மருந்துத் தூளைப் போட்டுக் கட்டியில்லாமல் கலக்குங்கள். மருந்து முழுதாகக் கரையாது, அது பரவாயில்லை. சீராகப் பரவியிருந்தால் போதும்.
4. மைசிஸைச் சேர்த்து வேகமாகப் பிரட்டுங்கள். மைசிஸ் ஜில்லென்று இருந்தால் ஜெலட்டின் உடனே இறுகி, ஒரு துண்டில் மருந்து குவிந்து, இன்னொன்றில் இல்லாமல் போகும். முதல் படியில் அறை வெப்பம் என்றது இதற்குத்தான்.
5. ஜிப் பையில் 2 மி.மீ. தடிமனுக்குத் தட்டி, ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, கத்தியின் பின்பக்கத்தால் கோடு கிழித்து உறையவையுங்கள். மெட்ரோனிடசோலுக்கு வெளிச்சம் ஆகாது, பையைத் தாளில் சுற்றிவிடுங்கள்.

கையுறை, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் இந்தத் தூள்களைத் தொட வேண்டாம். பாத்திரங்களைச் சமையலுக்குத் திருப்பாதீர்கள்.

கொடுக்கும் விதம்

தனித் தொட்டியில் கொடுப்பதே சரி. குறிப்பாக ஃபென்பென்டசோல் பிரதான தொட்டிக்குள் போகவே கூடாது. அங்கே வளரும் விசிறிப்புழுக்கள் செத்துவிடும், மென்பவளங்களுக்கும் ஆபத்து.

காலையில் பசியோடு இருக்கும்போது முதல் தீனியாக இதையே போடுங்கள். 40 கிராம் மீனுக்கு நாளுக்கு 0.2 கிராம் போதும், அதில் 2 மி.கி. மருந்து இருக்கிறது. மற்ற இரண்டு மருந்துத் தீனி என்றால் அதே மீனுக்கு 0.4 கிராம். வயிறு நிறைய இதையே போடாதீர்கள். மிச்சப் பசிக்குப் பிறகு வழக்கமான தீனி. ஓரிரு நிமிடத்தில் தின்னாததை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அம்மோனியா ஏறும்.

பின்சேர்க்கை

ஜெலட்டினுக்குப் பதில் அகர் அகர் போடலாமா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. போடலாம். ஆனால் அகரைக் கொதிக்கவைத்துத்தான் கரைக்க வேண்டும், மருந்தையும் சூட்டிலேயே கலக்க வேண்டியிருக்கும். தண்ணீர் 28 டிகிரிக்கு மேல் இருந்து ஜெலட்டின் இளகினால் மட்டும் அதற்கு மாறுங்கள்.

பூண்டுச் சாறு ஒட்டுண்ணியைக் கொல்லும் என்று நம்பி மருந்தைக் குறைக்காதீர்கள். வாசனைக்காக ஒரு துளி விடலாம், அவ்வளவுதான்.

டாங் மீன் போன்ற பாசி தின்னிகள் மைசிஸைச் சீண்டாவிட்டால், 12 கிராமில் பாதியை ஊறவைத்து அரைத்த நோரியாக (உலர்ந்த கடற்பாசித் தாள்) மாற்றுங்கள். தீனியையே தொடாத மீனுக்கு இந்த முறை உதவாது. அதற்குத் தண்ணீரில் கரைக்கும் மருந்துதான்.