ஆறு பிள்ளைகளோடு 12 நிமிடம்: டேப்பை வைத்து நேரம் பிடிப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து ஈராசிரியர் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்ணும் எழுத்தும் (தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசுத் திட்டம்) வகுப்பின் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைகளும் ஒரே அறையில். 18 பிள்ளைகள், 3 டேப் (டேப்லெட்), 40 நிமிடம்.

நிலைக்கு ஆறு பேராக மூன்று குழு. ஒன்று உங்களோடு, ஒன்று டேப்பில் (இருவருக்கு ஒன்று), ஒன்று நோட்டில். 12 நிமிடத்துக்கு ஒரு சுற்று, இடம் மாற இரண்டு முறை 2 நிமிடம். கணக்கு சரியாக வந்துவிடும்.

பலர் சறுக்குவது டேப்பில் எதைக் கொடுப்பது என்பதில்தான். புதுப் பாடத்தைக் கொடுத்தால் மூன்றாம் நிமிடமே "டீச்சர், இது வரல" என்று வந்து நிற்பார்கள். போன வாரம் நடத்தி முடித்ததையே கொடுங்கள். மூன்று விடையில் ஒன்றைத் தொடும் விளையாட்டும் வேண்டாம். சரி வரும்வரை தட்டிக்கொண்டே இருப்பார்கள், மண்டையில் ஏதும் ஏறாது. வீடியோ என்றால் 4 நிமிடத்துக்குள் இருக்கட்டும். பார்த்த பிறகு நோட்டில் மூன்று சொல் எழுதியாக வேண்டும். பாடநூலின் கியூஆர் குறியீட்டில் வரும் திக்‌ஷா (அரசின் கல்வித் தளம்) வீடியோக்களை முதல்நாள் இரவே இறக்கி வையுங்கள். வகுப்பில் சிக்னலை நம்பக் கூடாது.

நெட்டே தேவைப்படாத வேலைகள்தான் உண்மையில் கைகொடுப்பவை. ஒன்று, குரல் பதிவு. ஒருவர் ஐந்து வரி வாசிக்க, மற்றவர் புத்தகத்தில் விரல் வைத்துச் சரிபார்ப்பார், பிறகு மாறிக்கொள்வார்கள். டேப் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும். அறைக்குள் பதிந்தால் எல்லார் குரலும் கலந்துவிடும், வராந்தாவுக்கு அனுப்புங்கள்.

மற்றது நம் ஊர்ச் சரக்கு: ஆத்தங்குடிக் கல் (பூ வேலைப்பாட்டுத் தரைக் கல்). தெரிந்த வீட்டுத் தரையை நேர் மேலிருந்து படம் எடுத்து டேப்பில் போட்டுவிடுங்கள். படத்தைத் திருத்தும் பேனாவால் சமச்சீர்க் கோடு போடச் சொல்லலாம், ஒரே பூ எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொல்லலாம். பல வடிவங்கள் நான்கு கல் சேர்ந்தால்தான் முழுமையாகும். ஒற்றைக் கல்லை எடுத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

டேப்பை இரவே முழுசாக சார்ஜ் போடுங்கள். காலையில் ஏரோபிளேன் மோடு, வெளிச்சம் பாதி. அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதியில் ஆப் பின்னிங்கை (ஒரே ஆப்பை விட்டு வெளியே போகவிடாத வசதி) இயக்கி, வெளியேற பின் எண் கேட்கும்படி வையுங்கள் (கம்பெனிக்குக் கம்பெனி பெயர் சற்று மாறும்). இதை விட்டால் ஐந்தாம் நிமிடம் கேமராவில் ஒருவர் மூக்கை ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஜன்னலோர வெயிலில் டேப்பை வைக்காதீர்கள். சூடேறினால் தானே மங்கும், சில சமயம் அணைந்தும் போகும்.

முதல் வாரம் சிறு குழுப் பாடமே வேண்டாம். திறப்பது, மூடுவது, இடம் மாறுவது மட்டும் பழகட்டும். நீங்கள் அறையைச் சுற்றி வாருங்கள். அவசரப்பட்டு இந்த வாரத்தைத் தாண்டினால் மாதம் முழுக்க இழுக்கும். சிக்கல் வந்தால் முதலில் கூட்டாளியைக் கேட்க வேண்டும், அப்புறமும் தீரவில்லையென்றால் டேப் மேல் ஒரு சிவப்பு பாட்டில் மூடியை வைத்துவிட்டு நோட்டு வேலைக்குப் போய்விட வேண்டும். உங்களிடம் வரக் கூடாது, நீங்களும் எழுந்து போகக் கூடாது. ஒருமுறை எழுந்தால் போதும், மறுநாளிலிருந்து வரிசை கட்டுவார்கள்.

பதிவுகளைக் கேட்க நாளுக்கு ஒரு குழு போதும்: ஆளுக்கு ஒரு நிமிடம், மொத்தம் ஆறு. வாசிக்கும் முன் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எது யார் குரல் என்று தேடுவதிலேயே மதிய இடைவேளை போய்விடும்.