நாள் தள்ளிப்போயிருக்கிறதா? வீட்டிலேயே சரியாகச் சோதிப்பது எப்படி

போன மாதம் ஒருநாள் காலை 5.30 மணிக்குத் தங்கையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வெள்ளை நிறக் கர்ப்பப் பரிசோதனைக் கார்டில் பளிச்சென்று ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத இன்னொன்று. "அக்கா, இது கோடுதானா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதா?" என்று கேட்டிருந்தாள். நாள் தள்ளி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கார்டுக்குள் என்ன நடக்கிறது?

கரு கருப்பையின் சுவரில் ஒட்டிய பிறகுதான் எச்.சி.ஜி என்ற ஹார்மோன் உடம்பில் சேர ஆரம்பிக்கும். கருமுட்டை வெளிவந்து 6 முதல் 12 நாளுக்குள், பெரும்பாலும் 8 முதல் 10 நாளுக்குள் கரு ஒட்டும். அதன்பின் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஹார்மோன் இரட்டிப்பாகும். முதலில் ரத்தத்தில் தெரியும், பிறகுதான் சிறுநீரில்.

கார்டின் குழியில் விட்ட சிறுநீர் உள்ளே இருக்கும் பட்டையில் ஊறி நகரும்போது, நுண்ணிய தங்கத் துகள்களையும் இழுத்துக்கொண்டு போகும். ஆமாம், பெரும்பாலான கார்டுகளில் தங்கம்தான். அவ்வளவு பொடியாகிவிட்டால் தங்கம் சிவப்பாகத் தெரியும். எச்.சி.ஜி-யைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதம் அந்தத் துகள்களின் மேல் இருக்கிறது. 'டி' என்று போட்ட இடத்திலும் அதேபோல ஒரு ஆன்டிபாடி உண்டு. ஹார்மோன் இருந்தால் துகள்கள் அங்கே சிக்கிக் கோடாகும், இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடும். கார்டு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் 'சி' கோடு எப்படியும் வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கார்டு செல்லாது; 'டி'-யில் என்ன தெரிந்தாலும் கணக்கில் எடுக்காதீர்கள்.

படி 1: கார்டு வாங்குவது

பிரெகா நியூஸா, ஐ-கேனா என்று குழம்ப வேண்டாம். எந்தப் பிராண்டு என்பதைவிட எந்த நாளில் சோதிக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். மருந்துக் கடையில் கூச்சப்பட்டு, தாளில் சுற்றிக் கொடுத்ததை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். தயவுசெய்து அங்கேயே திருப்பிப் பாருங்கள். காலாவதி தேதி தாண்டியிருக்கக் கூடாது, உறை கிழிந்திருக்கக் கூடாது. எவ்வளவு எச்.சி.ஜி இருந்தால் கோடு காட்டும் என்ற அளவு சில அட்டைப்பெட்டிகளில் இருக்கும். 25 mIU/ml என்று இருந்தால், நாள் தள்ளிய பிறகு சோதிக்க அது தாராளமாகப் போதும். வாங்கியதை வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் விட்டுவிடாதீர்கள். சூட்டில் ஆன்டிபாடி கெட்டுவிடும். முடிந்தால் இரண்டாக வாங்குங்கள்.

சர்க்கரை, உப்பு, டூத்பேஸ்ட் கலந்து பார்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். எச்.சி.ஜி-யைக் கண்டுபிடிக்க அவற்றில் எதுவுமே இல்லை.

படி 2: சோதிப்பது

நாள் தள்ளிய பிறகு, காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைச் சுத்தமான காய்ந்த டப்பாவில் பிடியுங்கள். ராத்திரி முழுக்கத் தேங்கியதில்தான் ஹார்மோன் அடர்த்தியாக இருக்கும். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் இருக்கும் கோடும் தெரியாமல் போகலாம். உறையை அப்போதுதான் பிரிக்க வேண்டும். கார்டைச் சமமான இடத்தில் வைத்து, கூடவே வரும் ஃபில்லரால் அட்டைப்பெட்டியில் சொல்லியிருக்கும் அளவுக்கு, வழக்கமாக 2 அல்லது 3 சொட்டு, விடுங்கள். கோடு வரும் இடத்தில் விடக் கூடாது.

படி 3: பார்ப்பது

பெரும்பாலான கார்டுகளுக்கு 5 நிமிடம். போனில் அலாரம் வையுங்கள். அட்டைப்பெட்டியில் போட்ட நேரம் கடந்தபின் தெரிவதை நம்ப முடியாது. குப்பையில் போட்டதைச் சாயங்காலம் எடுத்துப் பார்த்து மனசை உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். ஈரம் காய்ந்த தடம் சாம்பல் நிறத்தில் கோடு மாதிரியே இருக்கும்.

நேரத்துக்குள் வந்த சிவப்புக் கோடு மங்கலாக இருந்தால்? பெரும்பாலும் அது கோடுதான், ஹார்மோன் இப்போதுதான் ஏறுகிறது. இன்று இருக்கும் அளவு நாளை மறுநாள் இரட்டிப்பாகலாம். அதனால் இரண்டு நாள் பொறுத்து இன்னொரு கார்டில் பாருங்கள். தங்கையும் அப்படித்தான் செய்தாள். இரண்டாவது கார்டில் இரண்டு கோடும் ஒரே அழுத்தமாக இருந்தன.

'டி'-யில் கோடே வரவில்லை, மாதவிடாயும் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. குழந்தைக்காகச் சிகிச்சையில் இருப்பவர்கள் எச்.சி.ஜி ஊசி போட்டிருந்தால் கிட்டத்தட்ட இரண்டு வாரம் வரை பொய்யாகக் கோடு காட்டலாம், டாக்டர் சொன்ன தேதியில் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. கார்டு ஹார்மோன் இருப்பதை மட்டும்தான் சொல்லும். கரு எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைச் சொல்லாது. சிலருக்குக் கருக்குழாயிலேயே ஒட்டிவிடும். இரண்டு கோடு வந்தபின் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தோள்பட்டை வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றி மயக்கம் என எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.