கட்டாருக்குப் போகும் பெட்டியை எப்படிக் கட்டுவது

தம்பி கட்டாருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கல்லடி வீட்டில் பெட்டி கட்டுவது நான்தான். முதலில் வெறும் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டி, உள்துணியின் ஜிப்பைத் திறந்து, ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். இரவல் பெட்டி என்றால் கட்டாயம்.

அப்புறம் அடுத்தவர் பார்சல். போன தடவை பக்கத்து ஒழுங்கை அக்கா, மகனுக்கென்று துணியில் சுற்றித் தைத்த பொதி ஒன்று கொண்டு வந்தார். "குறை நினைக்காதீங்க அக்கா" என்று சொல்லி, அவர் முன்னாலேயே தையலைப் பிரித்தேன். கருவாடும் மிளகாய்த்தூளும். தூளைக் கூடக் கரண்டியால் கிண்டிப் பார்த்துத்தான் திரும்பக் கட்டினேன். பிரிக்க விடாதவரின் பொதியை வாங்கவே வேண்டாம். 1988இல் ஸ்கொட்லாந்தின் லொக்கர்பி ஊருக்கு மேலே விமானம் வெடித்து 270 பேர் இறந்தார்கள். குண்டு இருந்தது, உரிய ஆள் ஏறாத ஒரு பெட்டியில், ரேடியோ கசெட் பிளேயருக்குள்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். அதன் மேல் போட்டிருக்கும் கொள்ளளவு 27,000 எம்ஏஎச் (mAh) வரை என்றால் பொதுவாகப் பிரச்சினை இல்லை.

"பெட்டியை நீங்களே அடுக்கினீங்களா?" என்று விமான நிலையக் கவுண்டரில் ஒருமுறை ஆங்கிலத்தில் மட்டும் கேட்டார்கள். தம்பி விளங்காமலே தலையாட்டிவிட்டான். பாதுகாப்பில் பெரிய ஓட்டையே அதுதான். அந்தக் கேள்வியைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டே ஆக வேண்டும். அதுவரைக்கும், "விளங்கல, தமிழில சொல்லுங்க" என்று கேட்கும்படி வீட்டிலேயே பழக்கி அனுப்புங்கள்.