மெதக்கற ஏலியன் வாழைப்பழத் தோல்ல வழுக்குமா? பசங்களுக்கு ஏலியன் கதை எழுதறப்ப பண்ணக் கூடாத தப்புகள்

போன வருஷம் எங்க அப்பார்ட்மென்ட் பசங்களுக்காக ஒரு ஏலியன் கதை எழுதினேன். பெங்களூர் அல்சூர் ஏரிக்குள்ள ஒரு கப்பல் வந்து இறங்குது, நாலு பசங்க சேர்ந்து அதை விரட்டணும், அவ்ளோதான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடில உக்காந்து வாசிச்சேன், ஏலியன் தலைவன் வாழைப்பழத் தோல்ல வழுக்கி விழற சீன் வந்தப்ப நான் மட்டும்தான் சிரிச்சேன். மூணாங்கிளாஸ் படிக்கற ஒரு பொண்ணு கேட்டுது: "அங்கிள், ரெண்டு பக்கம் முன்னாடி அவன் தரையில காலே படாம மெதந்துட்டு வந்தான்னு சொன்னீங்க, மெதக்கறவன் எப்படி வழுக்குவான்?"

பதில் இல்ல என்கிட்ட. காமெடிக் கதைதானே, லாஜிக் யார் கேக்கப் போறாங்கன்னு நெனச்சதுதான் என் முதல் தப்பு, இந்த மாதிரி எழுதற எல்லாரும் பண்ற தப்பும் அதேதான். சீரியஸ் கதைல ஓட்டை இருந்தா கூட பசங்க சில சமயம் விட்டுடுவாங்க, காமெடில விட மாட்டாங்க, ஏன்னா சிரிப்பே அந்த ரூல்ல இருந்துதான் வருது. மெதக்கும்னு சொல்லிட்டீங்களா, அப்ப அது சீலிங் ஃபேன் ஓடற ரூமுக்குள்ள வந்தா என்ன ஆகும்னு யோசிங்க, ஜோக் தானா வரும். நான் அப்படித்தான் அந்த சீனை மாத்தினேன், ஃபேனை அஞ்சுல வெச்சதும் தலைவன் ஜன்னல் வழியா பக்கத்து வீட்டு கொடில போய் மாட்டிக்கறான்.

அடுத்தது சயின்ஸ். இதுல ரெண்டு கோஷ்டி இருக்கு. ஒரு கோஷ்டி "பத்து ஒளியாண்டு கழிச்சு திரும்பி வருவோம்"னு ஏலியனை பேச வெச்சிடும். ஒளியாண்டுன்னா தூரங்க, ஒளி ஒரு வருஷத்துல போற தூரம், காலம் இல்ல. இன்னொரு கோஷ்டி கதையை நிறுத்தி வெச்சுட்டு ஒரு தாத்தா கேரக்டரை விட்டு அரை பக்கத்துக்கு பாடம் எடுக்க வைக்கும், பசங்க எழுந்து தண்ணி குடிக்கப் போயிடுவாங்க. ரெண்டும் வேணாம். ஒரே ஒரு உண்மையை எடுத்துக்கிட்டு அதை கடைசி வரைக்கும் பிழிங்க.

எங்க கதைல ஏலியன் சுவாதி நட்சத்திரத்து பக்கத்துல இருந்து வருது. பஞ்சாங்கத்துல வர்ற அதே சுவாதிதான், சுமார் 37 ஒளியாண்டு தூரம். அதாவது இன்னிக்கு அங்க போய் சேர்ற நம்ம டிவி சிக்னல் 37 வருஷத்துக்கு முன்னாடி இங்க ஒளிபரப்பானது. அதனால ஏலியனுக்கு தெரிஞ்ச பூமி முழுக்க தூர்தர்ஷன்ல ஒளியும் ஒலியும்ங்கற சினிமாப் பாட்டு நிகழ்ச்சியைப் பார்த்து கத்துக்கிட்ட பூமி, இங்க ஜனங்க மரத்தை சுத்திதான் பேசிக்குவாங்கன்னு நம்பி அல்சூர் ஏரிக்கரைல ஒவ்வொரு மரமா சுத்துதுன்னு எழுதினேன். (அவ்ளோ தூரத்துல சிக்னல் படு வீக்கா இருக்கும், அதனால ராட்சச ஆன்டெனா ஒண்ணும் குடுத்துட்டேன்.)

அதுக்கும் ஒரு பையன் கை தூக்கினான். அது கிளம்பி இங்க வந்து சேர இன்னொரு 37 வருஷமாவது ஆகுமே, அப்ப கிளம்பறப்ப 74 வருஷத்துக்கு முந்தின சிக்னலைத்தானே கேட்டிருக்கும், அப்ப இந்தியால ரேடியோ மட்டும்தானேன்னு. கரெக்ட்தான்! ஆனா வர்ற வழியெல்லாம் கேட்டுக்கிட்டேதானே வரும், 74 வருஷ நிகழ்ச்சியை 37 வருஷத்துக்குள்ள கேட்டாகணும், குறைஞ்சது ரெண்டு மடங்கு வேகத்துல. அப்ப ஏலியன் எப்படி பேசும்? ஃபாஸ்ட் ஃபார்வர்ட்ல! அன்னிக்கு மொட்டை மாடில எல்லா பசங்களும் வேக வேகமா பேசி கத்தினதுல கீழ் வீட்டுக்காரர் மேல ஏறி வந்துட்டார். இந்த ஜோக்கை நான் யோசிக்கல, கணக்கு யோசிச்சுது.

பெரியவங்களை என்ன பண்றதுங்கறதுதான் எனக்கு ரொம்ப நாள் தலைவலி. பெரியவங்க எல்லாம் முட்டாள்னு காட்டறது சுலபம், சீக்கிரம் போரடிச்சிடும். கடைசில ஒரு விஞ்ஞானி மாமா மெஷினோட வந்து காப்பாத்திட்டா அதைவிட மோசம், அப்புறம் பசங்க எதுக்கு கதைல? எனக்கு சரியா வந்தது, பெரியவங்க அவங்கவங்க வேலைல நியாயமாவே பிசியா இருக்கறது. அப்பா மீட்டிங்ல மியூட் போட்டுட்டு "அஞ்சு நிமிஷம்"னு கை காட்டறார். பாட்டி மட்டும் ஏலியனை நேருக்கு நேர் பார்க்கறாங்க, பார்த்துட்டு, "செருப்பை வெளிய கழட்டிட்டு வாப்பா"ங்கறாங்க. அதுக்கு ஒம்போது காலு. ஒவ்வொண்ணா கழட்டற நேரத்துல பசங்க பின்பக்க கதவு வழியா ஓடிடறாங்க. (மெதக்கறவனுக்கு எதுக்கு செருப்புன்னு கேக்காதீங்க, மெதக்கற சக்தியே அந்த செருப்புலதான் இருக்குன்னு ரெண்டாவது அத்தியாயத்துலயே போட்டுட்டேன், சூடு பட்டவன்ல.)

ஊரைப் பத்தி ஒண்ணு. கப்பலை நியூயார்க்ல இறக்காதீங்க, அதை எல்லாருக்கும் தெரியும். ஆனா பெங்களூர்ல இறக்கறவங்க நேரா சில்க் போர்டு சிக்னலுக்கு போய் டிராஃபிக்ல மாட்டின ஏலியன்னு எழுதறாங்க, அந்த ஜோக்குக்கு பென்ஷனே குடுத்துடலாம். தெருவுக்குள்ள பாருங்க. அல்சூர் ஏரிக்கிட்ட இருக்கற திருவள்ளுவர் சிலை 1991ல வெச்சு, திறக்காம 18 வருஷம் மூடியே கெடந்து, 2009ல தான் திறந்தாங்க. எங்க பசங்க கிட்ட இதை சொன்னதும், அந்த துணிக்குள்ள 18 வருஷமா ஒரு ஒற்றன் ஏலியன் ஒளிஞ்சிருந்துது, வேற பொழுதுபோக்கு இல்லாம 1330 குறளையும் மனப்பாடம் பண்ணிடுச்சு, இப்ப அதால சண்டை போடவே முடியல, ஒவ்வொரு தடவை துப்பாக்கி தூக்கறப்பவும் ஒரு குறள் ஞாபகம் வந்து கை நடுங்குதுன்னு அவங்களே முடிச்சுட்டாங்க. ஊருக்கு வெளிய பியாலாலு கிராமத்துல இஸ்ரோவோட 32 மீட்டர் டிஷ் ஆன்டெனா இருக்கு, 2008 சந்திரயான் கூட பேசினது, அதையும் வெச்சிருக்கோம்.

வசனம் பத்தி சுருக்கமா. "அயல்கிரகவாசிகள் நம்மைச் சூழ்ந்துவிட்டனர்"னு எந்த பத்து வயசு பையன் பேசறான்? இங்க தமிழ் பசங்க வாயில பாதி கன்னடம் வரும், "டேய், சும்னே இரு குரு, அது பார்த்துடும்"னுதான் சொல்வான். குசு ஜோக் கதைக்கு ஒண்ணு போதும், ரெண்டாவது வந்தா பெரிய பசங்க முகத்தை சுளிப்பாங்க.

முடிவுல நான் விழுந்த குழி, கிருமி. 1898ல ஹெச்.ஜி.வெல்ஸ் எழுதின நாவல்ல செவ்வாய்க்காரங்களை நம்ம மனுஷங்க ஜெயிக்கல, பூமியோட கிருமி கொன்னுடுது, அங்க அது பெரிய விஷயம், மனுஷனோட கர்வத்துக்கு குட்டு. அதையே நான் பசங்க கதைல சளி பிடிச்சு ஏலியன் ஓடற மாதிரி வெச்சப்ப, "அப்ப நாங்க சும்மா வீட்லயே இருந்திருக்கலாமே"ன்னுட்டாங்க. ஜெயிக்க வைக்கற பொருள் முதல் அத்தியாயத்துலயே கண்ணு முன்னாடி கெடக்கணும், அதை தூக்கறது பசங்க கையா இருக்கணும். "எல்லாம் கனவு"ன்னு முடிக்கறவங்களோட எனக்கு பேச்சே இல்ல.

இப்ப கதை ஆறாவது அத்தியாயத்துல நிக்குது. ஏலியன் கழட்டிப் போட்ட ஒம்போது செருப்புல ஒண்ணை காணோம், எட்டுதான் இருக்கு. எடுத்தது யாருன்னு அந்த மூணாங்கிளாஸ் பொண்ணுக்கு தெரியுமாம், எனக்கு சொல்ல மாட்டேங்குது, ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெயிட் பண்ணுங்க அங்கிள்னுடுச்சு.