ஏற்காட்டுப் பனியைக் கையில் இறக்குவது எப்படி? கறுப்பு-சாம்பல் டாட்டூ டிசைன், முதல் முறை வரைபவர்களுக்கு

காடு, இருட்டு, பனி என்று டாட்டூ கேட்பவர்கள் பெரும்பாலும் இணையத்தில் எடுத்த ஓநாயும் பைன் மரமுமாகத்தான் வருகிறார்கள். சேலத்தில் இருந்துகொண்டு அது எதற்கு? 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் நமக்கே ஒரு காடு இருக்கிறது.

முதலில் படம். நவம்பர், டிசம்பரில் மழை பெய்து ஓய்ந்த காலைகளில், வெயில் ஏறும் முன் காபித் தோட்ட ஓரமாக நில்லுங்கள். மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படம் எடுத்து, போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாலும் மரம் தனியாகத் தெரிந்தால் அந்தப் படம் போதும்.

ஒரே ஒரு மரம்தான். நண்பன் கைக்காக நான் வரைந்த முதல் டிசைனில் மரம், நிலா, கிளியூர் அருவி, காட்டெருமை எல்லாவற்றையும் உள்ளங்கை அளவுக்குள் திணித்தேன். மை தோலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். சில வருடங்களில் காட்டெருமையின் கண் எது, கொம்பு எது என்று அவனுக்கே தெரியவில்லை. இன்றும் கிண்டல் செய்கிறான்.

அளவு. முன்கையில் ஒரு தாளைச் சுற்றி, முழங்கை, மணிக்கட்டு இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மரம் 15 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். வேர் மணிக்கட்டுப் பக்கம், உச்சி முழங்கைப் பக்கம்.

கோடு. எச்.பி. பென்சில். சில்வர் ஓக் இலை பெரணி இலை மாதிரி பிரிந்து பிரிந்து இருக்கும்; எல்லாவற்றையும் வரைய ஆசை வரும், வேண்டாம். நாலைந்து இலை தெளிவாக, மற்றதெல்லாம் கொத்தாக. கோட்டுக்கும் கோட்டுக்கும் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

ஷேடிங். இங்கேதான் நேரம் செலவாக வேண்டும். புத்தகத்துக்கு அட்டை போடும் காக்கித் தாளை எடுத்து, கோட்டுப் படத்தை அதில் நகல் எடுங்கள். வெள்ளைத் தாளில் அழகாகத் தெரியும் வெளிர் சாம்பல், நம் மாநிறத் தோலில் காணாமல் போய்விடும். காக்கித் தாள் அதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

6பி பென்சிலால் தண்டின் ஒரு பக்கத்தையும் மிளகு இலைகளுக்கு நடுவிலுள்ள இடுக்குகளையும் கரியாக நிரப்புங்கள். பயப்பட வேண்டாம், இருட்டு அங்கிருந்துதான் வரும். பின்வரிசை மரங்களுக்கு 2பி, வெளிக்கோடே இல்லாமல். அந்த மரங்களின் உச்சி அடர்த்தியாக இருக்கட்டும். கீழே வர வர அழுத்தத்தைக் குறைத்து, அடிமரத்தை வரையாமலே விட்டுவிடுங்கள். அந்த வெற்றுத் தாள்தான் பனி. அதில் வெள்ளைப் பென்சிலைத் தேய்த்தால் பனி போய் சுண்ணாம்பு வந்துவிடும்.

ஆர்டிஸ்டிடம். கோடுகளையும் நிழல் எல்லைகளையும் மட்டும் டிரேசிங் தாளில் எடுத்துக் கொடுங்கள். ஷேடிங் செய்த தாளையும் கூடவே காட்டுங்கள். சாம்பல் நிறத்துக்குக் கறுப்பு மையில் எவ்வளவு காய்ச்சி வடித்த நீர் கலப்பது என்பதை அதைப் பார்த்து அவர் முடிவு செய்வார்.

ஸ்டென்சில், அதாவது உங்கள் கோடுகளின் அச்சு, தோலில் ஒட்டியதும் உடனே நாற்காலியில் சாய்ந்துவிடாதீர்கள். கையைத் தொங்கவிட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். தண்டு கோணலாகத் தெரிந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டலாம்.